தோர்கலுக்கு 50 வயது ஆகும்போது தமிழில் எப்படிப்பட்ட தொகுப்பு வர வேண்டும்?

வடகடல்வாசி

நண்பர்களுக்கு வணக்கம்.

1977 மார்ச்சில் பெல்ஜியத்தின் 'டின்டின்' வார இதழில் சித்திரக்கதை நாயகன் தோர்கல் முதன்முதலாகத் தலைகாட்டினான். 2027-ல் அவனுக்கு 50 வயது. லயன்-முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழில் அவனைப் படித்தவர்கள் நாம். இந்த ஐம்பதை ஒட்டிப் பெரிய சைஸில், கெட்டி அட்டையில், முதல் ஆல்பத்திலிருந்து (ஒவ்வொரு கதைப் புத்தகமும் ஓர் ஆல்பம்) வரிசையாக ஒரு தொகுப்பு வர வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருக்கிறேன். யாரும் எதையும் அறிவிக்கவில்லை. என் ஆசைதான். ஆனாலும் கேட்பதைத் தெளிவாகக் கேட்டால்தானே கிடைக்கும்? அதற்காகத்தான் இந்த இழை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொகுப்பு கறுப்பு-வெள்ளையில் வர வேண்டும்.

முதல் கதையின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். காண்டால்ஃப் என்ற வெறிபிடித்த வைக்கிங் அரசன் தோர்கலைக் கடலோரப் பாறையில் சங்கிலியால் கட்டிவிட்டுப் போகிறான். கடல் ஏறிக்கொண்டே வருகிறது. அந்தத் தண்ணீரை ஓவியர் ரோசின்ஸ்கி பேனாவாலும் மையாலும் வரைந்திருக்கிறார். பாறையின் சொரசொரப்பு, ஈர முடி, நுரை எல்லாமே கோடுதான். மேலே பூசிய அந்தக் காலத்து அச்சு வண்ணம் அந்தக் கோட்டை மூடிவிடுகிறது என்பது என் எண்ணம். வண்ணத்தை எடுத்துவிட்டால் மனிதரின் கை தெரியும்.

உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

பழைய சந்தாதாரர்

நல்ல இழை. முதல் ஆளாக மறுத்துவிடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

'இரத்தப் படலம்' நினைவிருக்கிறதா? அதுவும் தோர்கலின் கதாசிரியர் வான் ஹாம் எழுதியதுதான். 2010-ல் 18 பாகமும் ஒரே குண்டுப் புத்தகமாகக் கறுப்பு-வெள்ளையில் வந்தபோது நான் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கினேன். சந்தோஷத்துக்கு அளவே இல்லை. ஆனால் 2018-ல் அதே கதை வண்ணத்தில் வந்தபோதுதான் அதன் ஓவியர் வில்லியம் வான்ஸ் எவ்வளவு கவனமாக இரவையும் பகலையும் பிரித்திருக்கிறார் என்று புரிந்தது. எட்டு வருடம் நான் பாதிதான் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

தோர்கலுக்கும் அதே காத்திருப்பு வேண்டாம். முதல் தடவையிலேயே வண்ணம்.

மையும் தாளும்

நான் அச்சுத் தொழிலில் இருக்கிறேன். இரண்டு பேருடைய பேச்சிலும் விட்டுப்போன ஒன்று உண்டு: சைஸ்.

கறுப்பா வண்ணமா என்பதற்கு முன்னால் எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். பிரெஞ்சு ஆல்பங்கள் ஏறத்தாழ ஏ4 தாள் அளவில் வருபவை. ஓவியர் அதைவிடப் பெரிய தாளில் வரைந்து, அது ஒருமுறை சுருங்கித்தான் ஆல்பமாகிறது. அந்த ஆல்பத்தையும் நாம் பாதித் தாள் அளவுக்குச் சுருக்கினால் என்ன ஆகும்? நெருக்கமாகப் போட்ட கோடுகளுக்கு இடையில் இருக்கும் வெள்ளை அடைபட்டுப்போகும். நிழல் என்று அவர் வரைந்தது மைக்கறையாகத் தெரியும். ரோசின்ஸ்கி மாதிரி நுணுக்கமாகக் கோடு போடுகிறவருக்குத்தான் இதில் சேதம் அதிகம். கோடு குறைவாகப் போடும் ஓவியர்கள் தப்பித்துவிடுவார்கள்.

நீளத்திலும் அகலத்திலும் பத்துப் பத்து சதவீதம் குறைத்தாலே பரப்பில் 19 சதவீதம் போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் எழுத்து. இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. பலூன்கள் பிரெஞ்சு வசனத்துக்காக வரையப்பட்டவை. அங்கே இரண்டு சின்னச் சொல் உட்கார்ந்த இடத்தில் நாம் 'காத்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று ஒரே சொல்லை நுழைக்க வேண்டியிருக்கும். இடம் போதாது, எழுத்தைச் சிறிதாக்குவார்கள். எழுத்து சிறிதானால் தமிழில் முதலில் பலியாவது புள்ளி. 'க்' எல்லாம் 'க' ஆகிவிடும். படிக்கிறவருக்குக் கண் வலி வருவது அதனால்தான், கதை புரியாமல் அல்ல.

வடகடல்வாசி

//முதலில் பலியாவது புள்ளி// இதை நான் யோசித்ததே இல்லை சார். இனி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் புள்ளியைத்தான் தேடுவேன்.

சைஸ் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் நெருக்கமான கோடு முக்கியம் என்றால் கறுப்பு-வெள்ளைதானே அதற்குச் சரி? என் பக்கத்துக்குத்தான் வலு சேர்த்திருக்கிறீர்கள்.

செய்ன் கரையோரம்

வணக்கம். நான் பாரிஸில் இருக்கிறேன், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். இங்கே வந்த புதிதில் மொழி தெரியாமல் நூலகத்தில் படம் பார்க்கத் தொடங்கி, தோர்கலை வைத்தே பிரெஞ்சு படித்தவன் என்று சொல்லலாம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

ரோசின்ஸ்கி போலந்துக்காரர். தோர்கல் தொடங்கிய காலத்தில் அவர் வார்சாவில் இருந்தார், வான் ஹாம் பிரஸ்ஸல்ஸில். நடுவில் இரும்புத்திரை. இன்றைக்கு மின்னஞ்சலில் அனுப்புவது மாதிரி இல்லை. 1981 டிசம்பரில் போலந்தில் இராணுவச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு அவர் குடும்பத்தோடு பெல்ஜியத்துக்கு வந்தார், பின்னர் சுவிட்சர்லாந்துக்கு. தோர்கல் என்ற மனிதனை யோசியுங்கோ. நட்சத்திரத்தில் இருந்து வந்த கலத்தில் குழந்தையாகக் கிடைத்தவன். வைக்கிங்குகள் எடுத்து வளர்த்தாலும் கடைசிவரை அவன் அவர்களில் ஒருவனாக ஆகவில்லை. அவனுக்கு வேண்டியதெல்லாம் மனைவி, பிள்ளைகள், யாரும் தொல்லை தராத ஒரு வீடு. அது மட்டும் அவனுக்குக் கிடைப்பதே இல்லை. கதையை எழுதியது வான் ஹாம்தான், தெரியும். ஆனால் ஊரை விட்டு வந்தவனின் முகத்தை வரைந்தது ரோசின்ஸ்கி. இருபது வயதில் அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன்.

சரி, வண்ண விஷயத்துக்கு வருகிறேன். இதே இருவரும் சேர்ந்து 'ஷ்னின்கெல்' என்று ஒரு பெரிய மாயக்கதை செய்தார்கள். 1986-87-ல் 'ஆ சூவ்ர்' என்ற மாத இதழில் தொடராக வந்தது. அது கறுப்பு-வெள்ளைக்கென்றே வரையப்பட்டது. போரும் வெறும் பாலையும், சின்னஞ்சிறு நாயகனும், ஒவ்வொரு பக்கமும் மையாலேயே முழுமையாக நிற்கும். 2000-களின் தொடக்கத்தில் அதற்கு வண்ணம் போட்டு மூன்று பாகமாக வெளியிட்டார்கள். வண்ணம் போட்டவர் கிராசா, தோர்கலின் பிற்கால ஆல்பங்கள் பலவற்றுக்கு வண்ணம் போட்டவர். நன்றாகத்தான் செய்திருந்தார். இருந்தாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் கை கறுப்பு-வெள்ளையைத்தான் எடுக்கும்.

தோர்கல் அப்படி இல்லை. அது வாரப் பத்திரிகைக்காக, வண்ணம் வரும் என்று தெரிந்தே வரையப்பட்டது. வண்ணத்துக்கென்று இடம் விட்டு வரைந்திருக்கிறார். வானம், பனி, கடல் எல்லாம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். வண்ணத்தை எடுத்தால் அந்த இடங்கள் நிரம்பாத இடங்களாகத் தெரியும்.

கதைப்பித்தன்

ஷ்னின்கெல் தமிழில் வந்தால் வீட்டை அடகு வைத்தாவது வாங்குவேன்!

மையும் தாளும்

பாரிஸ் நண்பர் சொன்னதுதான் சரியான அளவுகோல். ஓவியர் எதை மனதில் வைத்து வரைந்தார்? அதுவே விதி.

இன்னொரு உதாரணம். அமெரிக்காவில் ஜெஃப் ஸ்மித்தின் 'போன்' 1991 முதல் 2004 வரை 55 இதழாகக் கறுப்பு-வெள்ளையில் வந்தது. முடிந்ததும் ஒரே தொகுப்பாக 1300 பக்கத்துக்கு மேல். அடுத்த ஆண்டிலிருந்து வண்ணப் பதிப்பு. இன்று பள்ளிக் குழந்தைகளிடம் இருப்பது வண்ணப் பதிப்பு, பழைய வாசகர்கள் கொண்டாடுவது கறுப்பு-வெள்ளைத் தொகுப்பு. அங்கே இரண்டும் நிற்கிறது, ஏனென்றால் மூலம் கறுப்பு-வெள்ளை. தோர்கலில் தலைகீழ்.

நிலாமுற்றம்

இந்த விவாதத்தை இரண்டு நாளாகப் படிக்கிறேன். ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா வடகடல்வாசி அண்ணா?

அலினோயேயின் தலைமுடி என்ன நிறம்?

வடகடல்வாசி

பச்சை.

புரிந்துவிட்டது தங்கச்சி.

நிலாமுற்றம்

புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், முடிவைச் சொல்லாமல்.

'அலினோயே' 1985-ல் வந்த எட்டாவது ஆல்பம். தோர்கல் பயணம் போயிருக்கிறான். தீவில் அவன் மனைவி ஆரிசியாவும் மகன் ஜோலானும் மட்டும். தனிமையில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு நண்பன் வருகிறான். பேசமாட்டான். தலைமுடி பச்சை. தொடக்கத்தில் அம்மா அதை விளையாட்டு என்று நினைக்கிறாள். பிறகு அந்தப் பச்சை நாம் எதிர்பாராத மூலையில் எல்லாம் தெரியத் தொடங்கும். ஆரிசியாவுக்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிடும். கத்த வேண்டும் போல இருக்கும்.

என் மகனுக்கு அப்போது ஏழு வயது. அவனும் அந்தச் சமயத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோழனோடு பேசிக்கொண்டிருந்தான். பகலில்தான் படித்தேன், ஆனாலும் எழுந்து போய் அவன் அறையில் விளக்கைப் போட்டேன். வாளும் டிராகனும் இல்லாமல் ஒரு வீடு, ஒரு கடற்கரை, ஒரு குழந்தை. மாயக்கதை என்றால் எனக்கு அதுதான் உச்சம்.

கறுப்பு-வெள்ளையில் அந்தப் பையன் யாரோ ஒரு பையன்.

பழைய சந்தாதாரர்

இதற்கு மேல் நான் வாதாட எதுவும் இல்லை. தங்கை முடித்துவிட்டார்.

வடகடல்வாசி

ஒப்புக்கொள்கிறேன். நேற்று இரவு அலினோயேயை மறுபடி எடுத்தேன், ஆங்கிலத்தில் சினிபுக் வெளியிட்ட தொகுப்பு, 'வில்லாளிகள்' கதையோடு சேர்ந்து இருப்பது. பச்சையை மட்டும் தொடர்ந்து பக்கம் பக்கமாகப் போனேன். வண்ணமே அங்கே ஒரு பாத்திரம். என் நிலையை மாற்றிக்கொள்கிறேன்: தொகுப்பு வண்ணத்தில் வரட்டும்.

ஆனால் முழுக்க விட்டுவிட மனம் வரவில்லை. ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் எட்டுப் பக்கம், அதில் வரும் கதைகளிலிருந்து தேர்ந்தெடுத்த பக்கங்களை வண்ணம் இல்லாமல், முடிந்தவரை பெரிதாகப் போடலாம். 'நிழல்களுக்கு அப்பால்' கதையில் ஒவ்வொரு மனிதனின் உயிரும் ஒரு நூலாகத் தொங்கும் இடத்துக்குத் தோர்கல் போவான். ஆரிசியாவைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வேறொருவரின் நூலை அறுக்க வேண்டும். யாருடையது என்று தெரியாமல். அந்த நூல்களைக் கோடாகவே பார்க்க எனக்கு ஆசை. இந்த ஒன்றை மட்டும் கேட்டுவைக்கிறேன்.

செய்ன் கரையோரம்

அது நியாயமான கேள்வி. நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

எங்கே முடிப்பது என்பதையும் பேசவேண்டும். வான் ஹாம் எழுதியது 29-ஆவது ஆல்பம் வரை, 2006-ல் வந்த 'தியாகம்'. பிறகு ஈவ் சாந்த் எழுதத் தொடங்கினார், நாயகன் இடத்துக்கு ஜோலான் வந்தான். ரோசின்ஸ்கி 36-ஆவது ஆல்பமான 'அனியெல்' வரை வரைந்து 2018-ல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு ஃப்ரெட் வீன்யோ வரைகிறார். 2023-ல் ரொபான் ரெஷ்ட் தனியாக எழுதி வரைந்த 'போய்வா ஆரிசியா' வந்தது, முதுமையில் தோர்கல். புத்தகக் கடையில் நின்றபடியே பாதி படித்து, வீட்டுக்கு வந்து மீதியை இரண்டு நாள் தொடாமல் வைத்திருந்தேன்.

'தியாகம்' பற்றி ஒன்று. அதில் ரோசின்ஸ்கி மைக்கோட்டை விட்டுவிட்டு நேரடியாக வண்ணத்தில், ஓவியமாகவே தீட்டியிருக்கிறார். பளபளக்கும் தாளில் அந்தத் தூரிகை வேலை கெட்டுப்போகும் என்று எனக்குப் பயம். அச்சுக்கார நண்பர்தான் சொல்லவேண்டும்.

மையும் தாளும்

பயம் நியாயமானதுதான். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் வண்ணம் தூக்கலாக நிற்கும், கடையில் புரட்டும்போது கண்ணைப் பறிக்கும். ஆனால் வீட்டில் டியூப் லைட்டுக்குக் கீழே படித்தால் விளக்குதான் தெரியும், இருட்டான கட்டங்கள் தெரியாது. தோர்கலில் இருட்டு அதிகம். குகை, கோட்டை, பனி இரவு. ஆகவே பளபளப்பு இல்லாத மேட் தாள். வண்ணம் ஒரு படி அடங்கியிருக்கும், அது இந்தக் கதைக்குப் பொருத்தம்.

பைண்டிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆல்பத்தில் படப் பக்கம் ஏறத்தாழ 46. தலைப்புப் பக்கம் சேர்த்தால் 48, அதாவது 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் கட்டு) மூன்று. நான்கு ஆல்பம் சேர்த்து ஒரு பாகம் என்றால் 12 ஃபாரம், 192 பக்கம். வடகடல்வாசி கேட்ட எட்டுப் பக்கத்தோடு 200. அரை ஃபாரம் கூடுதல், பெரிய விஷயமில்லை. இதைத் தைத்துத்தான் கட்ட வேண்டும். வெறும் பசை வைத்து ஒட்டினால், நடுவில் இருக்கும் கட்டங்களைப் பார்க்க நாம் விரித்து விரித்து முதுகு விட்டுப்போகும்.

கதைப்பித்தன்

//முதுகு விட்டுப்போகும்// எனக்கு நடந்தது. எந்தப் புத்தகம் என்பதை விடுங்கள். மூன்று மாதம் காசு சேர்த்து வாங்கிய குண்டுத் தொகுப்பு, இரண்டாவது வாசிப்பிலேயே நாற்பது பக்கம் கையோடு வந்துவிட்டது. தெருமுனை பைண்டிங் கடையில் கொடுத்தேன். ஓரத்தை ஒட்ட வெட்டிவிட்டார், பக்க எண்ணோடு பலூன்களில் பாதியும் போனது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. கூட ஐம்பது நூறு ஆனாலும் தையல்தான் வேண்டும்.

பழைய சந்தாதாரர்

கூட ஐம்பது நூறில் இது முடியாது தம்பி, பெரிய சைஸ், வண்ணம், மேட் தாள், தையல், கெட்டி அட்டை, எல்லாம் சேர்ந்தால் விலை நன்றாகவே ஏறும். நம் ஊரில் காமிக்ஸ் வாங்குபவர்கள் எத்தனை பேர் என்று நமக்கே தெரியும். முன்பதிவுக்கு ஆள் சேர்ந்தால்தான் அச்சுக்குப் போகும். எனவே பாகம் பாகமாக, ஆண்டுக்கு இரண்டு என்று வரட்டும். மாதச் சம்பளக்காரர்கள் தாங்குவார்கள்.

வரிசையும் முக்கியம். தோர்கலின் பிறப்பைச் சொல்லும் 'நட்சத்திரக் குழந்தை' வெளியான வரிசையில் ஏழாவது. சினிபுக் ஆங்கிலத்தில் தொடங்கியதே அதையும் 'ஆரிசியா'வையும் சேர்த்துத்தான். தமிழிலும் அப்படிச் செய்யலாமா?

நிலாமுற்றம்

வேண்டாம் அண்ணா. முதல் ஆறு கதையில் இவன் யார், ஏன் இப்படி ஒதுங்கியே நிற்கிறான் என்று நாம் தவிக்க வேண்டும். அதன் பிறகு ஏழாவதில் அந்தக் குழந்தையைப் பார்த்தால்தான் தொண்டை அடைக்கும். வெளியான வரிசையே சரி.

இன்னொன்று, நான்கு நான்காகக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டவும் கூடாது. 'கறுப்புக் கப்பல்', 'நிழல்களுக்கு அப்பால்', 'பிரெக் சாரித்தின் வீழ்ச்சி' மூன்றும் ஒரே மூச்சு. 'வில்லாளிகள்' கதையில் கிரிஸ் என்ற பெண் வந்த பிறகு 'கா' நாட்டுக் கதை நான்கு ஆல்பம், அதைப் பிரித்தால் பாவம். தோர்கல் நினைவை இழந்து ஷைகான் என்ற பெயரில் அலையும் கதை 19-ல் தொடங்கி 23-ல்தான் முடிகிறது. எங்கே நிறுத்தினால் வாசகர் ஆறு மாதம் தாங்குவார் என்று பார்த்துப் பிரிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பில் எனக்கு ஒரே வேண்டுதல்: ஆரிசியாவை அழ மட்டும் விடாதீர்கள். மூலத்தில் அவள் பேச்சு நிமிர்ந்து நிற்கும். தமிழில் கணவன் முன் வந்ததும் பெண்களின் வசனம் தானாகக் குழைந்துவிடுகிறது.

மையும் தாளும்

1 முதல் 3 வரை ஒன்று (144 பக்கம்), 4 முதல் 6 வரை ஒன்று, 7-ம் 8-ம் சேர்த்து மெலிதாக ஒன்று, 9 முதல் 13 வரை குண்டாக ஒன்று. பாகங்கள் சமமாக இல்லாவிட்டால் என்ன, தைத்துக் கட்டினால் எதுவும் நிற்கும்.

வடகடல்வாசி

அருமை. இதையெல்லாம் சேர்த்துப் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். கையால் எழுதி, தபாலில். ஆல்பத்தின் மூல சைஸ், வண்ணம், மேட் தாள், தையல், வெளியான வரிசை, கடைசியில் எட்டுப் பக்கம் கறுப்பு-வெள்ளை, புள்ளி தெரியும் எழுத்து, ஆரிசியாவின் குரல். முன்பதிவில் என் பெயர் இரண்டு பிரதிக்கு. வேறு யார் யார்?

பழைய சந்தாதாரர்

எனக்கு ஒன்று, அண்ணன் மகனுக்கு ஒன்று.

கதைப்பித்தன்

ஒன்று. தையல் உறுதி என்றால் இரண்டு.

செய்ன் கரையோரம்

மூன்று. என் பிள்ளைகள் தோர்கலைப் பிரெஞ்சில் படித்துவிட்டார்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள், ஆனால் அவர்களுக்குப் பிடித்த கதை எதுவும் தமிழில் கையில் இல்லை. தெரிந்த கதையென்றால் மொழியைப் பிடித்துக்கொள்வார்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று நானும் சொன்னதாக எழுதுங்கோ.

புதிய வாசகன்

வணக்கம். நான் கல்லூரி முதல் வருடம். தோர்கல் ஒன்றுகூடப் படித்ததில்லை, இந்த இழையைத்தான் முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். தொகுப்பு வரும்வரை காத்திருக்க முடியுமா என்று தெரியவில்லை. அந்தப் பச்சை முடிப் பையன் கதை மட்டும் எங்கே கிடைக்கும்?

நிலாமுற்றம்

எந்த ஊர் தம்பி? என்னிடம் இருக்கும் ஆங்கிலப் பிரதியை அனுப்புகிறேன். முகவரியைத் தனிச்செய்தியில் போடு, இங்கே வேண்டாம். படித்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் போதும். பகலில் படி.